ஈயின் கண்

பழத்தோலைச் சுற்றி வட்டமிடும் பழ ஈயின் சிவந்த கண்ணை உருப்பெருக்கியின் வழியே நோக்குவோர், ஏறத்தாழ 800 சிறு கண்கள் அறுகோணம் அறுகோணமாய் அணிவகுத்து நிற்கும் சிருஷ்டி நேர்த்தியைக் கண்டு வியக்காதிருத்தல் அரிது. அதனினும் ரசிக்கத்தக்கது அக்கண் உருவாகும் விதம். ஒவ்வொரு சிறு கண்ணிலும் ஒளியுணரும் எட்டு ஜீவ அணுக்களுள் முதலில் தோன்றுவது எட்டாம் எண் பெற்றதே. அது ‘ஸ்பிட்ஸ்’ என்னும் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, பந்திக்கு ஆள் அழைப்பதுபோல் அண்டை அணுக்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொள்ள, அவ்வழைப்பு எல்லை மீறாதபடி ‘ஆர்கோஸ்’ என்னும் மற்றொரு புரதம் தடுத்து நிற்கிறது. கடைசியாய்ச் சேரும் ஏழாவது அணுவுக்கோ தனிச் சமிக்ஞையும் வேண்டும்; அதை ஏற்கும் ‘செவன்லெஸ்’ என்னும் புரதம் பழுதுற்றால், அவ்வணு லென்ஸைச் சுரக்கும் அணுவாக மாறிவிட, ஈ புறஊதா ஒளியை நாடும் இயல்பை இழக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் ‘ஹெட்ஜ்ஹாக்’ என்னும் புரதம், ஸ்பிட்ஸ் ஆகிய இரண்டையும் ஏந்திச் சென்று, பார்வையைப் பெறவேண்டிய நியூரான்களை அங்கே தோற்றுவிக்கின்றன. ஸ்பிட்ஸ் தூண்டும் இதே சமிக்ஞைப் பாதை மனித தேகத்திலும் உண்டு. அது கட்டுமீறுவது பல புற்றுநோய்களுக்குக் காரணமாகிறது. ஈயை அற்ப ஜீவன் என்று இகழ்வது அறியாமையே.