உறைகுளிர்ப் பெட்டிக்கு எட்டாத இழையம்

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் நெடுங்காலமாகவே முன்வரிசையில் நிற்கிறது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. கடலுக்குப் போகிறவரும் துறைமுகத்தில் சுமை இறக்குகிறவரும் இரவில் ஓட்டோ ஓட்டுகிறவரும் தூக்கத்தை விரட்ட வெற்றிலை போடுவது திருகோணமலையில் யாருக்கும் புதிதல்ல. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீடு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆகவே இந்த நோயின் கலங்களையும் டி.என்.ஏ.யையும் ஆராய்வது எங்கோ தொலைவில் நடக்கும் அறிவியல் வேடிக்கை அல்ல. திருகோணமலை மாவட்டத்து மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் நேரடியாக வேண்டிய வேலை. ஆனால் அந்த ஆய்வு இன்று நடக்கும் முறையில், அது அதிகம் தேவைப்படுகிறவர்களின் இழையமே அதற்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது.

முதலில் ஆய்வின் பலத்தை உரிய மதிப்போடு சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 2015இல் 279 தலை, கழுத்துக் கட்டிகளின் மரபணு மாற்றங்களை வெளியிட்டது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் சிகரெட் புகைத்தவர்கள். இன்னொரு பகுதியினர் பப்பிலோமா வைரஸினால் தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள். வெற்றிலையை அடக்கி வைக்கும் கன்னத்திலும் ஈறிலும் வரும் புற்றுநோயை அந்தத் தொகுப்பைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. மேற்கு வங்கத்தின் கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாட்டா நினைவு மையமும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை நிரப்ப முனைந்தது. எல்லா இடத்திலும் காணப்படும் டி.பி.53 மரபணுவின் சிதைவோடு, அதுவரை இந்நோயில் கவனிக்கப்படாத சில மரபணுக்களும் திரும்பத் திரும்பப் பழுதாவதை அது காட்டியது. தெற்காசிய வாயைத் தெற்காசியாவிலேயே படித்ததால் கிடைத்த பயன் இது.

இனிக் குறைக்கு வருவோம். கன்னத்தின் உட்புறத்தில், தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைப் படலம். அதிலிருந்து அரிசி மணியளவு துண்டை வெட்டி போர்மலினில் போட்டு, நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது மெழுகுக் கட்டியாகி, மெல்லிய சீவலாகி, ஊதா, இளஞ்சிவப்பு நிறமேற்றப்பட்டு நுணுக்குக்காட்டிக்குக் கீழே வருகிறது. நோயை அறிய இது போதும். ஆனால் போர்மலின் டி.என்.ஏ.யைத் துண்டுதுண்டாக்கும்; சைற்றோசினைச் சிதைத்து, வாசிக்கும்போது தைமின் போலத் தோன்ற வைக்கும். அமிலத்தன்மை சரிசெய்யப்படாத போர்மலினில் நாட்கணக்கில் கிடந்த துண்டு காட்டும் மரபணு மாற்றம் நோயினுடையதா, போத்தலினுடையதா என்று பிரித்தறிவது கடினம். எனவே ஆய்வாளர்கள் வெட்டியவுடன் உறைநிலையில் வைத்த இழையத்தை நாடுகிறார்கள். அது கிடைப்பது பெருநகர வைத்தியசாலைகளில். உறைகுளிர்ப் பெட்டி இருக்கும் இடமே யாருடைய நோய் அறிவியலாகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை என்பதால் இந்த ஒதுக்கல் சிறிதாகிவிடாது.

காசில்லாத நாட்டில் மரபணு எதற்கு, வாயைத் திறந்து பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியின் பின்னால் வலுவான சான்றும் இருக்கிறது. ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களால் வாயின் ஆபத்தான படலங்களைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை உலகுக்குக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று, 1984இல் வெளியான இலங்கை ஆய்வு. திருவனந்தபுரத்தில் நடந்த பெரும் பரிசோதனையின் 2005ஆம் ஆண்டு முடிவு, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் கண்ணால் வாயைப் பார்க்கும் பரிசோதனை வாய்ப்புற்று மரணத்தை 34 சதவீதம் குறைத்தது என்றது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் அதே இலங்கை ஆய்வில், மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதியளவினரே போனார்கள். வெருகலிலிருந்து நாட்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவருக்கு, அந்தப் பயணம் அவசியம்தானா என்று உறுதியாகச் சொல்ல நம்மிடம் கருவி இல்லை. வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. எது மாறும் என்று நுணுக்குக்காட்டியில் தரம் பிரிப்பதிலோ தேர்ந்த நோயியலாளர்களே அடிக்கடி வேறுபடுகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது கலத்துக்குள் நடக்கும் மாற்றத்தைப் பற்றிய அறிவுதான். ஆகவே வாயைப் பார்ப்பதா, மரபணுவைப் படிப்பதா என்று எதிரெதிரே நிறுத்துவது தவறு. படலத்தைக் கண்டுபிடிக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடமிருந்தே ஆய்வும் தொடங்க வேண்டும்.

அப்படித் தொடங்கும்போது இன்னொரு ஆபத்து கூடவே வரும். 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவரின் மருந்து 26 வாய்ப்புற்று நோயாளிகளின் கட்டிகளில் செலுத்தப்பட்டது. உரிய முன் அனுமதி பெறப்படவில்லை என்று 2001இல் அந்தப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. ஒழுக்கநெறிக் குழுக்கள் வேலையைத் தாமதப்படுத்துகின்றன என்ற முறைப்பாட்டுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. திருகோணமலையில் இழையம் சேகரிக்கப்படுமானால், சம்மதப் படிவம் நோயாளி பேசும் தமிழிலோ சிங்களத்திலோ இருக்க வேண்டும். கையொப்பத்துக்கு முன்னர் ஒருவர் உட்கார்ந்து அதை விளக்கவும் வேண்டும். துண்டு எங்கே போகிறது, எத்தனை காலம் வைக்கப்படும், வெளிநாட்டுக்கு அனுப்பப்படுமா என்பவை அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். முடிவு வந்ததும் அது ஆய்விதழுக்குப் போவதோடு நிற்காமல், படலத்தை முதலில் கண்ட கிராமத்துச் சிகிச்சை நிலையத்துக்கும் வந்து சேர வேண்டும். அடுத்த நோயாளியை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறவர் அங்கேதான் இருக்கிறார்.