சாந்து பூச யாரைக் கேட்க வேண்டும்?

ஃபவுண்டேஷன் கேமில் என்னை முதலில் இழுத்தது அதன் பாதைகள்தான். கட்டம் போட்ட தரை கிடையாது. ஆட்கள் கிணற்றுக்கும் சந்தைக்கும் நடக்க நடக்கப் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுகிறது. அதுவே பிறகு தெருவாகிறது. வீட்டையும் அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். 'இங்கே குடியிருக்கலாம்' என்று நாம் நிலத்தில் வண்ணம் தீட்டினால் போதும். கனடாவின் பாலிமார்ஃப் கேம்ஸ் 2019-ல் முன்னோட்டமாக வெளியிட்டு, 2025 ஜனவரி கடைசியில் முழு வடிவத்தில் கொண்டுவந்த கேம் இது. பாடாலூரில் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தைக் கேட்டபடி பல இரவுகள் இதில் ஊர் கட்டியிருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, மத்தியகால ஊர் ஒன்று வளர்வதை இவ்வளவு பொறுமையாகக் காட்டும் கேம்கள் குறைவு.

ஆனால் ஆட ஆட ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். அது ஊராரின் தரவரிசை.

வந்து சேரும் ஆள் முதலில் புதியவர். பிறகு பண்ணையாள், அதற்கு மேல் சாமானியர், அதற்கும் மேல் நகரவாசி. ஒவ்வொரு படிக்கும் தேவைப் பட்டியல் உண்டு. கீழ்ப்படியில் சாப்பாடும் கூரையும். மேலே போகப் போகத் துணி, சர்ச், விதவிதமான உணவு, ஆடம்பரப் பொருள் என்று அது நீளும். தேவைகள் நிறைந்தால் ஆளை உயர்த்தலாம். உயர்ந்தவருக்குப் புது வேலைகள் திறக்கும். நிறையாவிட்டால் முகம் சுருங்கும், கடைசியில் ஊரை விட்டே போய்விடுவார். 2009-ல் வந்த ஆனோ 1404-லும் இதே கணக்குதான்: குடியானவர், நகரத்தார், பெருந்தனக்காரர், பிரபு. பிரபுவுக்கு மென்மயிர்க் கோட்டும் மூக்குக்கண்ணாடியும் மெழுகுவர்த்தித் தண்டும் கொடுக்க வேண்டும். அவர் வீட்டை எழுப்பக் கண்ணாடி வேண்டும்.

இந்த ஏணிக்குள் ஒரு தத்துவம் இருக்கிறது. தரம் என்பது நுகர்வின் விளைவு, பொருள் கிடைத்தால் மனிதன் உயர்வான் என்பதுதான் அது. எந்தப் பண்ணையாளையும் அடுத்த படிக்கு ஏற்றலாம். தடையாக நிற்பது கிடங்கில் சரக்கு இல்லாதது மட்டுமே. மத்தியகால உடை போட்டுக்கொண்ட இருபதாம் நூற்றாண்டு நம்பிக்கை என்று இதைச் சொல்வேன்.

நிஜமான மத்தியகாலம் எப்படி இருந்தது என்று பார்க்க நாங்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திரன் எழுப்பி, ஏறத்தாழ 250 வருஷம் சோழர் தலைநகராக இருந்த ஊர். அவனுடைய அப்பா ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டுகளோ, ஒரு நகர நிர்வாக கேமின் சேவ் ஃபைல் மாதிரியே படிக்கக் கிடைக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த கோயில், குடியிருக்கும் சிறகு, அதில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வோருக்கு இரண்டு பங்கு.

கேமில் இல்லாத ஒன்று இதற்கு அடுத்து வருகிறது. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு யாருக்கு? நெருங்கிய உறவுக்கு. அந்த உறவுக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஆளைத் தேடி வைப்பதும் அவர் பொறுப்பு. நெல் குறைவில்லாமல் வந்துகொண்டே இருக்கும், ஆனால் யாரும் படியேறப் போவதில்லை. இங்கே தேவை தரத்தைத் தீர்மானிக்கவில்லை. தரம்தான் தேவையை அளந்து கொடுக்கிறது.

அதே கோயில் கல்வெட்டுகளில், தானமாக வந்த ஊர்களில் வரி இல்லாத இடங்களின் பட்டியலும் உண்டு. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சில ஊர்களில் தீண்டாச்சேரி. சுடுகாட்டில்கூட வெள்ளான் சுடுகாடு வேறு, பறைச்சுடுகாடு வேறு. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா போன்றவர்கள் இந்தப் பட்டியல்களை வைத்துத்தான் சோழர் காலத்து ஊரின் அமைப்பை எழுதினார்கள். ஃபவுண்டேஷனின் தூரிகைக்கு ஒரே ஒரு குடியிருப்பு வண்ணம்தான் உண்டு. அந்தக் கல்லை வெட்டியவர்களிடம் எத்தனை வண்ணம் இருந்திருக்கிறது பாருங்கள்.

"கேம் தானேப்பா, விடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். "ஐரோப்பாவைப் பற்றிய கேமில் நம்மூர் சாதியை எதுக்குத் தேடுற?" நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பாவும் இந்த கேம்கள் காட்டுகிற மாதிரி இருக்கவில்லை. 1363-ல் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. எந்தத் தரத்தார் எந்தத் துணி, எந்த மென்மயிர் உடுத்தலாம் என்பதோடு, வேலைக்காரர் என்ன சாப்பிடலாம் என்றுவரை அது விதித்தது. கையில் காசு வந்தவர்கள் மேலே இருப்பவர்களைப் போல உடுத்தத் தொடங்கியதால்தான் சட்டமே தேவைப்பட்டது. சரக்கு கிடைத்தும் தரம் ஏற முடியாத உலகம் அது. ஆனோவின் மென்மயிர்க் கோட்டுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. கேமில் அது வெறும் சரக்கு.

கொங்கு நாட்டில் கரூர், பேரூர் பக்கத்துக் கோயில்களில் ஒரு கல்வெட்டு உண்டு. கம்மாளர்களுக்கு அரசன் கொடுத்த உத்தரவு. இனி உங்கள் கல்யாணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்புப் போடலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம்.

சாந்து! கேமில் வீட்டை மேம்படுத்த மரம், கல் என்று சரக்கு இருந்தால் போதும். இங்கே வீடு கட்டுகிற தொழிலே தெரிந்தவர்கள் கம்மாளர்கள். சாந்து குழைக்கவும் தெரியும், பூசவும் தெரியும். ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்த கைக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூச ராஜாவின் ஆணை வேண்டியிருந்தது. எந்தத் தேவைப் பட்டியலில் இதைச் சேர்ப்பது?

இன்னொரு கல்வெட்டு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பாடாலூரிலிருந்து ஊட்டத்தூர் சில கிலோமீட்டர்தான். அங்கே சிவன் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கனின் 40-ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1218-ல், இடங்கையின் 98 உட்பிரிவினரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் வெட்டியிருக்கிறார்கள். முதலில் தங்கள் பூர்வகதையைச் சொல்கிறார்கள்: வேள்வியைக் காக்க அக்னிகுண்டத்தில் தோன்றியவர்கள் நாங்கள், முனிவர்களின் செருப்பையும் குடையையும் சுமந்து வந்து இந்த ஊர்களில் குடியேறினோம், பட்டயங்கள் காட்டில் தொலைந்துபோனதால் எங்கள் பிறப்பை மறந்திருந்தோம். இனி ஒரு தாய் மக்களாக இருப்போம், ஒருவருக்கு வருகிற நன்மை தீமை எல்லோருக்கும், இடங்கைக்கு இழிவு வந்தால் சேர்ந்து நின்று உரிமையை மீட்போம். பிறகு அடையாளங்கள்: கொம்பு, சங்கு, குடை, கொக்கிறகு, அவிழ்த்துவிட்ட தலைமுடி.

இது சமத்துவப் பிரகடனம் இல்லை. விதியை மீறுகிறவர் விலக்கப்படுவார், எதிர்த்தரப்பின் அடிமையாகக் கருதப்படுவார் என்றும் அதே கல் சொல்கிறது. தனக்குக் கீழே யாரையாவது வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களையும் விடவில்லை. ஆனாலும் ஏணியை யார் எழுதுவது என்ற கேள்வியை அவர்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது நெல்லோ துணியோ கிடையாது. கொம்பும் குடையும், அதாவது தெருவில் எப்படிப் பார்க்கப்படுவோம் என்பது. இங்கே தரமே தேவையாக இருக்கிறது. தேவையைக் கொடுத்தால் தரம் உயரும் என்று கணக்குப் போடும் கேமால் இதைப் புரிந்துகொள்ள முடியாது.

'அதிருப்தி அடைந்தவர் வெளியேறுவார்' என்ற விதியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். 1429-ல், விஜயநகர ஆட்சியில், வலங்கையும் இடங்கையும் சேர்ந்து வெட்டிய கொறுக்கைக் கல்வெட்டு வரிக்கொடுமையைச் சொல்கிறது. ஊரைவிட்டு ஓடிப்போகத் தயாரானோம், ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் என்று பிறகு உணர்ந்தோம், இனி விளைச்சலுக்கு ஏற்ற வரியைத்தான் கட்டுவோம் என்கிறார்கள். ஃபவுண்டேஷனில் ஆட்கள் தனித்தனியாகத்தான் கிளம்பிப் போவார்கள். கோயில் வாசலில் கூடி நம்மிடம் வந்து கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இந்த கேம்களை வெறுத்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் ராத்திரி திறந்தால் மணி தெரியாது. நம் ஆட்கள் கேம் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் காலம் இது. கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டும் கேம் ஒன்று வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். அதில் ஏரியும் கோபுரமும் அழகாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நான் தேடப்போவது வேறு. ஒரு கம்மாளர் வீட்டைக் கிளிக் செய்தால், கிடங்கில் சாந்து நிறைய இருந்தும் சுவர் ஏன் பூசாமல் கிடக்கிறது என்று அந்த கேம் சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் ஊட்டத்தூரில் செய்ததுபோல அவர்களே கூடி ஒரு கல்லை நட வேண்டும். அந்தக் கல்லை எடுக்கும் பட்டன் ஆடுகிறவரிடம் இருக்கக் கூடாது.