அடித்த கணக்கும் தாங்கிய கணக்கும்

இணைய விளையாட்டில் டேமேஜ் கணக்கு, அதாவது யார் எவ்வளவு அடித்தார் என்ற எண், வேண்டுமா என்று அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பையன்களைக் கேட்டால், அன்று ஜெயித்தவன் ஒன்று சொல்வான், தோற்றவன் வேறு சொல்வான். நான் வேண்டும் என்கிற கட்சி. ஆனால் எல்லாக் கணக்கும் ரசிக்கும்படி இருக்காது.

ரசிக்கத்தக்க ஒன்றைக் காட்ட ஆவடிதான் சரியான இடம். 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஊர். அர்ஜுனும் அங்கே செய்ததுதான். அந்த ஊரில் உட்கார்ந்து ‘வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்’ ஆடுவதில் தனி ருசி உண்டு. அணிக்கு 15 டாங்கி, அதிகபட்சம் 15 நிமிடம். ஆட்டம் முடிந்ததும் ஓர் அறிக்கை வரும். அதைத்தான் நான் கலை என்கிறேன்.

எவ்வளவு அடித்தோம் என்பதை எவனும் எழுதிவிடுவான். மற்ற வரிகளில்தான் வடிவமைத்தவனின் கை தெரிகிறது. லேசான டாங்கியில் புதருக்குள் பதுங்கியவன் ஒரு குண்டுகூடச் சுடாமல் இருக்கலாம். அவன் கண்டுபிடித்துக் கொடுத்த எதிரியைத் தூரத்திலிருந்து கூட்டாளி அடித்தால், அது உதவிக் கணக்காக இவன் பெயரிலும் ஏறும். டிராக்கை உடைத்து எதிரியை நகரவிடாமல் செய்தாலும் அப்படியே. கவசத்தைச் சாய்த்துக் காட்டி வந்த குண்டைத் தெறிக்கவிட்டவனுக்குத் தடுத்த கணக்கு தனி. கபடியில் காலைப் பிடித்தவன் பெயரில் புள்ளி ஏறும். ஓரத்தை அடைத்து நின்றவனை யார் எழுதுகிறார்கள்? இங்கே எழுதுகிறார்கள்.

இதே ஆட்டத்தில் ஒரு சறுக்கலும் உண்டு. திறமைக்குப் பரிசாகப் பீரங்கிக் குழாயில் குறி போடுவார்கள்: அதே டாங்கியை ஆடியவர்களில் 65 சதவீதம் பேரை மிஞ்சினால் ஒன்று, 85-க்கு இரண்டு, 95-க்கு மூன்று. அடித்ததும் உதவியதும் அதில் சேரும், தடுத்தது சேராது. ஆகவே மூன்றாம் குறிக்கு அலைகிறவன், முன்னே நின்று அடி வாங்க வேண்டிய கனத்த டாங்கியைப் பின்வரிசையில் நிறுத்திக்கொண்டு சுடுகிறான். ஆட்டக்காரனைத் திட்டிப் பயனில்லை. எண்ணாததைச் செய்ய அவனுக்கு என்ன தலையெழுத்து?

இன்னொன்று. சராசரி 400 என்று போட்ட குண்டு 300-ம் எடுக்கும், 500-ம் எடுக்கும். அந்த 25 சதவீத ஏற்ற இறக்கம் விதியிலேயே இருக்கிறது. ஒரே ஆட்டத்தின் எண்ணைக் காட்டி ஒருவனை மட்டம் தட்டுவது அறியாமை. நூறு ஆட்டம் போனால்தான் அந்த எண் பேச ஆரம்பிக்கும்.

டாங்கி ஆட்டத்தில் கணக்கை ஆட்டமே எழுதித் தருகிறது. 2004-ல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டக்காரர்களோ ரீகவுன்ட், டீடெய்ல்ஸ் என்று டேமேஜ் அளக்கும் கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். எதிரியின் மந்திரத்தை எத்தனை முறை தடுத்தோம் என்பதுவரை அதில் பார்க்கலாம். பார்ப்பவர்தான் குறைவு, எல்லார் கண்ணும் உச்சியில் இருக்கும் வண்ணப்பட்டையில். ஆட்டக்காரர்களின் சண்டைக் கருவிகளுக்குக் கடிவாளம் போடப்போவதாக 2025-ல் அறிவித்த, அந்த ஆட்டத்தின் பிளிஸ்ஸார்டு நிறுவனம்கூட, டேமேஜ் மீட்டரை ஒழிக்கவில்லை. ஆட்டத்துக்குள்ளேயே ஒன்றை வைக்கிறோம் என்றது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ வேறு வழி: வெளிக் கருவிக்கே தடை, பிறர் எண்ணைச் சொல்லி ஏளனம் செய்தால் நடவடிக்கை. அந்தக் கண்டிப்பில் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்தில் பெரும்பாலும் போன்தான், பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம்தான். நூறு உயிரில் தொண்ணூறை எடுத்தவன் ஒருவன். கடைசித் தோட்டாவால் கில்லைத் தட்டிக்கொண்டு போனவன் இன்னொருவன். டேமேஜ் என்ற கட்டம் முன்னவனுக்கும் நியாயம் செய்கிறது. ஸ்மோக் போட்டவனுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் அதுவும் இல்லை.

ஆட்டத்தின் நடுவே எண்ணைப் பார்க்காதீர்கள், முடிந்தபின் பாருங்கள். உங்கள் எண்ணை உங்களுடைய போன மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்குவாடில் டேமேஜ் குறைந்தவனை வெளியேற்றும் முன், விழுந்த உங்களை எத்தனை முறை ரிவைவ் செய்து எழுப்பினான் என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.