தூய்மை ஒன்றே படிநிலைக்குக் காரணமாமோ?

மக்கட்கூட்டம் மேல் கீழாக அடுக்குற்று நிற்றற்குக் காரணம் ஆராய்ந்த மேலைநாட்டாருள் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் பெரிதும் மதிக்கப்படுபவர். பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்து 1957-இல் ஒரு நூல் செய்த அவர், 1966-இல் 'ஹோமோ ஹைரார்கிகஸ்' என்னும் நூலில் தம் கொள்கையை நிறுவினார். பொருளுடைமையே காரணமென்றார் மார்க்ஸ். பொருள்நிலை, மதிப்பு, கட்சிவலி மூன்றுமென்றார் வேபர். துய்மோனோ, பாரதநாட்டுச் சாதியடுக்குத் தூய்மை தீட்டு என்னும் முரணின்மேல் நிற்பதென்றும், ஆட்சியும் பொருளும் அதற்குக் கீழ்ப்பட்டனவென்றும் துணிந்தார். அத்துணிபு கள்ளக்குறிச்சி நாட்டு வழக்கொடு வைத்து நோக்கற்பாலது.

கல்வராயன் மலைவாணராகிய மலையாளிகள் தம்மைக் காஞ்சியினின்று போந்த காராளர் மரபினர் என்ப. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் நூலும் இம்மரபுச் செய்தியைக் குறித்துள்ளது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் எனும் மூன்று ஜாகீர்களின்கீழ் அம்மலை 1976 வரை இருந்தது. ஆண்டாரும் ஆளப்பட்டாரும் ஓரினத்தவரே. அவரிடைத் தீட்டு வேற்றுமை இல்லை. எனினும் கூலியின்றி உழைக்கும் கட்டாயம் குடிகள்மேல் விழுந்தது. நிலமும் ஆட்சியுமே ஈண்டு அடுக்கினை அமைத்தன. ஆதலின் துய்மோன் கொள்கை மலைமேற் செல்லாது.

மலையடிவாரத்துக்குக் கிழக்கே திருநாவலூர் உளது. ஆதிசைவக் குலத்துத் தோன்றிய சுந்தரர் நரசிங்கமுனையரையர் மனையில் வளர்ந்தார். பின்னர்ப் பரவையாரையும் வேளாளர் குலத்துச் சங்கிலியாரையும் மணந்தார். அவர் அருளிய திருத்தொண்டத்தொகை அந்தணர், அரசர், வணிகர், குயவர், வேடர், பரதவர் முதலியோரை ஒரு நிரையில் வைத்து வணங்குகின்றது. ஆண்டு மதிப்பு அன்பு பற்றியதன்றிப் பிறப்புப் பற்றியதன்று.

'அடியார் உலகியலைத் துறந்தவர். துறவி அடுக்கின் புறத்தவன்' எனத் துய்மோன் வழியினர் விடை கூறலாம். அவ்விடை பொருந்தாது. திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். திருக்குறிப்புத்தொண்டர் ஆடை வெளுத்தார். அதிபத்தர் மீன் பிடித்தார். தத்தம் தொழிலில் நின்றே தொண்டராயினர்.

இங்ஙனம் மறுத்த அளவில் சைவர் மகிழ்ந்தமைதல் தகாது. திருநாளைப்போவார் எரிபுகுந்தன்றித் தில்லைத் திருக்கோயிலுட் சென்றிலர் எனப் பெரியபுராணம் உணர்த்துகின்றது. மதுரைத் திருக்கோயில் வாயில் 1939 சூலை 8-இல்தான் ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. தொகையை நாடோறும் ஓதியவர் வாயிலில் தீட்டைக் காவல் வைத்தனர். அவ்விடத்துத் துய்மோன் கூற்று மெய்யே.

'அஃது அவரவர் வினைப்பயன்' என்பாரும் உளர். வினை உடம்பையும் நுகர்ச்சியையும் தருவது. பிறரை வாயிலில் தடுக்கும் அதிகாரத்தை எவர்க்கும் தருவதன்று. ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது. அருள் வந்து பதிவது மலபரிபாகம் நோக்கியேயன்றிக் குலம் நோக்கியன்று. 'யான் மேலோன்' என்னும் எண்ணமே அம்மலத்தின் செயலாம். ஆகலின் துய்மோனை ஏட்டில் மறுத்தல் எளிது. திருக்கோயில் முன்றிலில் மறுத்துக் காட்டுதலே சைவர் கடன்.

திருச்சிற்றம்பலம்.