கறுப்பசாமி செய்த பிழை யாது?

குழந்தைகட்கு இடத்தகாத பெயர்கள் எவையென 2006-ஆம் ஆண்டில் நம் நாட்டுத் தேசியப் பதிவுத் துறை வரையறுத்தது அன்பர்கள் நினைவிலிருக்கலாம். விலங்கு, பூச்சி, காய்கனி, நிறம், எண் ஆகியவற்றின் பெயர்கள் ஆகா எனப்பட்டன. அந்நாளைய செய்திகளில் ஒவ்வோர் இனத்தார்க்கும் ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகள் வந்தன. சீனர்க்குக் காடையனைக் குறிக்கும் ஒரு சொல். மலாய்க்காரர்க்கு ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் ஒரு சொல். தமிழர்க்கு வந்து வாய்த்ததோ 'கறுப்பசாமி'! கருநிறக் கடவுள் என்று பொருளும் உடன் எழுதியிருந்தனர். காடையனோடு ஒரு வரிசையில் நிற்கக் கறுப்பசாமி செய்த பிழைதான் யாது?

பிள்ளை பிற்காலத்தில் எள்ளலுக்கு ஆளாகலாகாது என்னும் நோக்கம் நன்றே. அதனை மறுப்பாரில்லை. எடுத்துக்காட்டே தவறு என்பது எம் கருத்து.

மதுரையை அடுத்த அழகர் கோயிலை எண்ணிப் பாருங்கள். வாயிலில் பதினெட்டாம்படிக் கறுப்பர் காவல். வழக்குடையார் அக்கதவின் முன் நின்று ஆணையிடுவர். பொய்யாணை இட அஞ்சுவர். உள்ளே எழுந்தருளியிருப்பவர் திருமால். மால் என்பதும் மாயோன் என்பதும் கருமையைக் குறித்த சொற்களே. வடமொழிக் 'கிருஷ்ண' என்பதற்கும் பொருள் கருமைதான். ஆகவே வாயிலிலும் கறுப்பு, கருவறையிலும் கறுப்பு. கிருஷ்ணன் என்று பிள்ளைக்குப் பெயரிட்டால் தடை சொல்வாரில்லை; கறுப்பசாமி என்றால் மட்டும் முகஞ்சுளிப்பு. சியாமளா என்னும் பெயர் செவிக்கு இனிக்கிறது. அதே பொருளுடைய கறுப்பாயி கசக்கிறது. இது பொருளைப் பற்றிய வெறுப்பன்று. தோட்டத்துப் பாட்டியின் பெயர் என்பதால் வந்த வெறுப்பு.

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் மலையமான் திருமுடிக்காரி. கபிலர் பாடிய அவன் பெயர்க்குப் பொருள் கரியன் என்பதே. நம்மாழ்வாரின் தந்தையார் பெயரும் காரியே. (எழுத்தைப் பற்றி ஒரு சொல்: 'கருப்பு' என இடையின ரகரம் இட்டு எழுதுவோர் பலர். அவ்வாறு எழுதின் பஞ்சம் என்னும் பொருளும் அகராதியில் உண்டு. நிறத்தையும் வெகுளியையும் குறிப்பது வல்லின றகரக் 'கறுப்பு'. தொல்காப்பிய உரியியல் காண்க.)

பதிவுத் துறையை மட்டும் நோவது முறையன்று. நம் நாட்டில் தந்தை பெயர் பிள்ளையின் பெயரோடு இறுதிவரை வருகிறது. எம் மாணவன் ஒருவன் கட்டுரை ஏட்டின் மேலட்டையில் தந்தையின் பெயரைக் 'கே. சாமி' என்று சுருக்கியிருந்தான். முழுப் பெயரையும் எழுதினால் பிற பிள்ளைகள் 'கறுப்பு' என்று அழைக்கிறார்களாம். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகளே. அவ்வகுப்பில் இலக்கணத்தை ஒத்திவைத்துக் காரியின் கதையைச் சொன்னேன்.

ஆங்கிலப் பெயர்கள் நாகரிகமானவை என்று எண்ணுவோர் அவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தல் நலம். டக்ளஸ் என்பது கேலிக் மொழியில் கருநீரோடை. முதலில் ஆற்றின் பெயர், பின்பு குடிப்பெயர், அதன் பின்னரே ஆட்பெயர். கீரன் என இன்று பிரிட்டனிலும் வழங்கும் அயர்லாந்துப் பெயர் கரியவன் என்றே பொருள்படும். நம் நக்கீரரோடு அதனை உறவாட விடவேண்டா. கேமரன் என்றால் கோணல் மூக்கு. கிளாடியா இலத்தீனில் முடத்தையும், சிசிலியா குருட்டையும், கால்வின் வழுக்கையையும் தம் அடியில் கொண்டவை. ஷேக்ஸ்பியரின் நாடகத் தலைவி போர்ஷியாவின் பெயர் பன்றியைக் குறித்த குடிப்பெயரினின்று வந்தது. இவற்றைத் தாங்கியோர் நாணவில்லை. நாமும் ஒரு காலத்தில் நாணவில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் நரிவெரூஉத்தலையாரும் சங்கப் புலவர் வரிசையில் வீற்றிருக்கின்றனர்.

அங்ஙனமாயின் எப்பெயரும் ஆகுமோ எனின், ஆகாது. குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்பன முன் பிறந்த மகவுகளை இழந்த தாய், இதனையேனும் கூற்றுவன் விட்டுவைக்கட்டும் என்று இட்டவை. கேட்பதற்கு இழிவாயினும் உள்ளிருப்பது அன்பு. பெண் மகவு போதுமென்று இட்ட 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' ஆகியவற்றில் அவ்வன்பு இல்லை. பிறந்தவளையே மறுக்கும் பெயர்கள் அவை. மராட்டியத்துச் சதாராவில் 'வேண்டாதவள்' எனப் பொருள்படும் நகுஷா என்னும் பெயர் தாங்கிய சிறுமியர் பலர்க்கு 2011-ஆம் ஆண்டில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். தடை விதிப்பதாயின் இத்தகைய பெயர்க்கு விதிப்பதே தக்கது.

இற்றை நாள் சேர்க்கைப் பதிவேட்டிலோ வேறொரு குறை. பெயருக்குப் பொருள் யாதெனப் பெற்றோரைக் கேட்டால், "எண்ணுக்கு ஒத்து வந்தது, ஐயா" என்கின்றனர். எண்கணிதம் நிரம்புவதற்காக ஆங்கில எழுத்தொன்றை இரட்டித்துவிட, முதல் வகுப்பில் அப்பெயரைத் தமிழில் எழுதிக் காட்ட ஆசிரியர் திகைக்கிறார். பிள்ளையும் திகைக்கிறது. கறுப்பசாமியை எழுதுவதில் இத்தொல்லை இல்லை.

தோட்டங்கள் கலைந்து பழைய பதிவேடுகள் கரையானுக்கு இரையாகி வருகின்றன. தத்தம் பள்ளியின் பழம்பதிவேட்டில் காணும் பெயர்களையும், அவற்றை இட்ட காரணம் அறிந்த முதியோர் கூறுவனவற்றையும் ஆசிரிய அன்பர்கள் குறித்தெடுத்து இப்பகுதிக்கு எழுதுவார்களாக.