30 வயது ரோட்ஸ்டரை ரசிப்பது எப்படி?

மாஸ்டா என்ற பெயரை நம் ஊர்ச் சாலைகளில் பலரும் பார்த்தது பள்ளிக்கூட வேன்களின் முகப்பில்தான். ஸ்வராஜ் மாஸ்டா வண்டிகள் அவை. அந்தப் பெயருக்குச் சொந்தமான ஹிரோஷிமா நிறுவனம் 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சின்னக் காரை அறிமுகப்படுத்தியது. துணிக்கூரையைக் கையாலேயே மடித்து வைக்கலாம். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இந்தியாவில் அது விற்பனைக்கு வரவில்லை. ஆனால் லண்டனிலோ மெல்பர்னிலோ டோக்கியோவிலோ வசிப்பவர்கள் இன்றும் தெருவோரத்தில் ஒன்றைப் பார்க்கலாம். பார்த்தவர்களில் சிலருக்கு வாங்கும் ஆசையும் வரும்.

1997 வரை வந்த முதல் தலைமுறைக் காரைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். ஆர்வலர்கள் அதை என்ஏ என்பார்கள். அதே காலத்து ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களான ஸ்கைலைன் ஜிடிஆர், சுப்ரா, ஆர்எக்ஸ்-7 மூன்றும் இன்று சேகரிப்பாளர்களின் சொத்தாகிவிட்டன. அவற்றின் விலை எங்கோ போய்விட்டது. முதல் தலைமுறை ரோட்ஸ்டர் 4 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எனவே கார் கிடைக்கிறது, பாகங்கள் கிடைக்கின்றன, வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பழைய கார் ஒன்றை வைத்து ரசிக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காரைப் பொறுத்தவரை ரசிப்பதும் பராமரிப்பதும் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. கவனிப்பதுதான் அந்தப் பழக்கம். கியர் விழும் விதத்தை விரலால் உணரத் தெரிந்தவருக்கு கிளட்ச் பழுதாகப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்ஜின் சத்தத்தை விரும்பிக் கேட்பவர் அதில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்.

எண்களை முதலிலேயே பார்த்துவிடலாம். தொடக்க ஆண்டுகளில் 1.6 லிட்டர் இன்ஜின், ஜப்பானிய மாடலில் 120 குதிரைத்திறன், ஏறத்தாழ 950 கிலோ எடை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 9 விநாடி அளவில் ஆகும். இன்றைய சாதாரண மின்சாரக் கார்கள் பலவும் இதை முந்திவிடும். முந்தட்டும். இந்த இன்ஜினை நிமிடத்துக்கு 7,000 சுற்று வரை கொண்டுபோகலாம். இரண்டாவது கியரில் அந்த உச்சத்தைத் தொடும்போதும் வேகம் 95 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 500 குதிரைத்திறன் கார் வைத்திருப்பவர் அதன் பாதிச் சக்தியைக்கூடப் பொதுச் சாலையில் எடுத்துப் பார்க்க முடியாது. ரோட்ஸ்டரில் காரின் முழுச் சக்தியும் உங்கள் அன்றாட உபயோகத்துக்கு வருகிறது. அதனால் முதல் பாடம், இன்ஜின் சூடேறிய பிறகு கியரைச் சீக்கிரம் மாற்றாதீர்கள். 3,000 சுற்றில் மாற்றிக்கொண்டே போனால் இந்தக் காரின் பாதியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

இப்படியொரு காரை ஏன் செய்தார்கள்? 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார். 1960களில் இங்கிலாந்திலிருந்து வந்த எளிய, திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்கள் மறைந்துவிட்டன, அவற்றை மறுபடி செய்யுங்கள் என்பதுதான் அது. எம்ஜி, டிரையம்ஃப், லோட்டஸ் எலான் வகைக் கார்களை மக்கள் நேசித்தார்கள். ஆயில் ஒழுக்கையும் வயரிங் கோளாற்றையும் சேர்த்துச் சகித்துக்கொண்டார்கள். அந்த இன்பத்தை நம்பகத்தன்மையோடு தருவதுதான் ஹிரோஷிமாக்காரர்கள் எடுத்துக்கொண்ட வேலை. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய தோஷிஹிகோ ஹிராயின் குழு, குதிரையும் அதன் மேலிருக்கும் வீரனும் ஓருடலாக இயங்குவதைத் தங்கள் இலக்காக வைத்துக்கொண்டது. அது விளம்பர வாசகமாக நின்றுவிடவில்லை. எங்கே நிறைவேறியிருக்கிறது என்று பார்க்கக் காரை ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்ற வேண்டும்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கியர்பாக்ஸிலிருந்து பின்பக்க டிஃபரன்ஷியல் வரை நீளும் ஓர் அலுமினியச் சட்டகம் தெரியும். இரண்டையும் அது விறைப்பாக இணைத்துப் பிடித்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் பின்சக்கரம் தயங்காமல் பதில் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். இடையில் எதுவும் முறுக்கிக்கொண்டு நேரத்தை விழுங்குவதில்லை. நான்கு சக்கரங்களிலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் இருக்கிறது. அன்று விலையுயர்ந்த கார்களில் பார்க்கக்கூடிய அமைப்பு அது. எடையை முன்னும் பின்னும் சமமாகப் பிரிக்க பேட்டரியை டிக்கிக்குள் கொண்டுபோனார்கள், பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். இருவர் உட்கார்ந்தால் எடை கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. வளைவில் திரும்பும்போது காரின் மையம் உங்கள் இடுப்புக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுவது பிரமை அல்ல.

கியர் லீவர் கியர்பாக்ஸின் தலையிலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் கம்பியோ கேபிளோ கிடையாது. மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர் விழுந்துவிடும். பல்லும் பல்லும் பொருந்துவதை உள்ளங்கையில் உணரலாம். குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பெரும்பாலான என்ஏ கார்களில் இது சகஜம். தள்ளித் திணிக்காமல் கியர் ஆயில் சூடேறும் வரை நிதானமாக மாற்றுங்கள். சூடேறிய பிறகும் முரண்டு போகவில்லை என்றாலோ, கிளட்ச் பெடல் தரைக்கு அருகில் போய்த்தான் பிடிக்கிறது என்றாலோ கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். அதன் ரப்பர் மூடியை லேசாக விலக்கினால் ஈரம் தெரியும். இந்தக் காரில் வழக்கமாகக் கசியும் பாகம் அது. மாற்றுவது பெரிய செலவும் அல்ல. லீவரைச் சுற்றி வெப்பமும் இரைச்சலும் மேலே ஏறி வந்தால் உள்ளேயுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கும். அதை மாற்றி, லீவரின் அடிக்குழியில் புது ஆயில் ஊற்றியபின் கியர் போட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சந்தோஷம் தருகிற வேலை இந்தக் காரில் வேறில்லை.

காதுக்கும் வேலை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரலாம். வால்வுகளின் இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் எழுப்பும் சத்தம் அது. ஆயில் நிறைந்ததும் அடங்கிவிடும். நீண்ட நேரம் அடங்காவிட்டால் ஆயில் பழையதாகியிருக்கலாம். பலருக்கும் நல்ல ஆயிலை ஒழுங்காக மாற்றிவந்ததிலேயே சரியாகியிருக்கிறது. டாஷ்போர்டில் ஆயில் அழுத்தமானி தனியாக இருக்கிறது. ஆரம்ப ஆண்டுக் கார்களில் அது உண்மையான அளவைக் காட்டும். சுற்று ஏறினால் முள் ஏறும், சிக்னலில் நின்றால் இறங்கும். 1995 வாக்கிலிருந்து வந்தவற்றில் முள் நடுவில் போய் நின்றுகொள்கிறது. அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. என்னைக் கேட்டால் அந்தப் பழைய அழுத்தமானிக்காகவே பழைய காரைத் தேடலாம்.

அடுத்தது கண். இந்தக் காரை ஒருபோதும் இயந்திரத்தில் கழுவாதீர்கள். கையால் கழுவுங்கள். வடிவமைப்பாளர் ஷுன்ஜி தனாக்கா, ஜப்பானிய நோ நாடக முகமூடிகளில் ஈடுபாடு கொண்டவர். ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப அந்த முகமூடியின் பாவம் மாறும். அந்த நுட்பத்தைத்தான் காரின் உடலிலும் தேடினார். பக்கவாட்டில் கூர்மையான மடிப்புக்கோடு ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் நகர நகர நிழல் இடம் மாறும். மாலை நான்கரை, ஐந்து மணி வெயிலில் சற்றுத் தள்ளி நின்று பின் சக்கரத்தின் மேல் தோள்பட்டையைப் பாருங்கள். உச்சிவெயிலில் பார்த்த கார்தானா இது என்று இருக்கும். எழுந்து படுக்கும் ஹெட்லைட்டுகளும் இந்தத் தலைமுறையோடு முடிந்துவிட்டன. மோட்டார் மக்கர் செய்தால் பானெட்டுக்கு அடியில் உள்ள குமிழைக் கையால் திருகி விளக்கைத் தூக்கலாம்.

கையால் கழுவச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்தக் காரைக் கொல்வது இன்ஜின் அல்ல, துருதான். அது பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். இலைச்சருகும் தூசியும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழேயுள்ள சில் பகுதிக்குள் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும். வாங்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். கூரையைப் பாதி மடித்து, ஒவ்வொரு பக்கத் துளையிலும் மெதுவாக ஊற்றி, கீழே குனிந்து பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே சுத்தமாக வெளியே வந்தால் நிம்மதி. வராவிட்டால் பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே கொப்புளமோ, புதிதாகப் பூசிய தடித்த பெயின்டோ இருந்தால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். வெல்டிங் செலவு காரின் விலையைத் தின்றுவிடும். தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்கள் நசுங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தவர்கள் விட்டுப்போன தடம் அது.

கூரையை மடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து, அதைத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையைப் பின்னால் தள்ள வேண்டும். ஜிப்பைத் திறக்காமல் மடித்தால் பிளாஸ்டிக் மடிந்து வெடிக்கும். கடுங்குளிரில் மடிக்கவே வேண்டாம்.

இன்ஜினைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது ஒன்றுதான். 1991 நடுப்பகுதிக்கு முன் வந்த கார்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குட்டையானது. அதில் புல்லியைப் பிடித்திருக்கும் ‘கீ’ என்ற சிறு உலோகத் துண்டின் பள்ளம் தேய்ந்தால் கீழ்ப் புல்லி ஆடத் தொடங்கும், டைமிங் விலகும். பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது புல்லி நேராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். புல்லியில் 4 வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, 8 இருந்தால் பிறகு வந்த நீள முனை. குட்டை முனை என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். 30 ஆண்டுகளுக்கு மேல் ஆடாமல் ஓடுகிற கார்கள் ஏராளம். டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டை அளவாக முறுக்கத் தெரிந்தவரிடம் மட்டும் காரைக் கொடுங்கள். பெல்ட் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை, கூடவே வாட்டர் பம்ப்பும். 1.6 இன்ஜினில் ஓடும்போது பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வை இடிப்பதில்லை. பல கார்களுக்கு வாய்க்காத பாதுகாப்பு அது.

ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி கறுப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா? பழுப்பு என்றால் மாற்றுங்கள், ஒழுகும் வரை காத்திருக்க வேண்டாம். இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிந்தால் அங்கேயுள்ள சென்சாரின் ரப்பர் வளையம் இறுகியிருக்கலாம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், கையை நுழைப்பதுதான் பாடு. டிக்கியிலுள்ள பேட்டரிக்கு வாயுவை வெளியேற்றும் குழாய் இருக்கிறது. சாதாரண பேட்டரியை வைத்து அந்தக் குழாயை மாட்டாமல் விட்டால் டிக்கித் தரை அரிக்கும்.

டயர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 185/60 அளவு, 14 அங்குலச் சக்கரம். அதையே வைத்துக்கொள்ளுங்கள். அகலமான டயரும் பெரிய சக்கரமும் படத்தில் அழகாக இருக்கும், ஸ்டியரிங் சொல்லும் சேதி பாதியாகிவிடும். அலைன்மென்ட் செய்யும்போது சஸ்பென்ஷன் போல்ட்டுகள் துருவில் இறுகியிருந்தால் பொறுமையாக விடுவிக்கச் சொல்லுங்கள். கெட்டித்துப்போன ரப்பர் புஷ்களை மாற்றி, சக்கரங்களை நேராக்கிய அன்று, இதுவரை ஓட்டியது வேறு கார் என்று நினைப்பீர்கள்.

எல்லாவற்றையும் புதிதாக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. 2017இல் மாஸ்டாவே முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் சேவையை ஜப்பானில் அறிவித்தது. துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் ஆகியவற்றை மறுபடி தயாரித்தார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் லேசாகத் தேய்ந்த கியர் குமிழையும் சுருக்கம் விழுந்த சீட்டையும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். கையும் உடம்பும் படுகிற இடத்தில் வயது தெரியலாம். தண்ணீரும் ஆயிலும் ஓடுகிற இடத்தில் தெரியக்கூடாது.

முதல் வருடச் செலவை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். வடிகால், துரு, பிரேக், கூலண்ட் ஹோஸ்கள், டைமிங் பெல்ட், டயர், பிறகு புஷ்கள். பாட்டுப் பெட்டியும் சைலன்சரும் அடுத்த வருடம். பெல்ட்டை மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குபவர் முதலில் அதைத்தான் தேடுவார்.