மூச்சு வாங்கும் மெஷின்

சைக்கிளுக்குத் தமிழில் பாட்டுப் பஞ்சம் இல்லை. 1979இல் வந்த 'பொண்ணு ஊருக்குப் புதுசு' படத்துக்கு இளையராஜா போட்ட சைக்கிள் பாட்டை இன்னமும் கேட்கிறோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற வைத்தபோது அதற்கென்றே ஒரு பாட்டு பிறந்தது. இவையெல்லாம் ஓட்டுகிறவரைப் பற்றிய பாட்டுகள். ஓட்டும்போது உடம்புக்குள் நடப்பதையே பாட்டாக்கியது ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு. 1983இல் அவர்கள் வெளியிட்ட 'டூர் டி ஃபிரான்ஸ்' என்ற சிங்கிளைத்தான் சொல்கிறேன்.

டுசல்டோர்ஃப் நகரத்துக்காரர்கள். ரால்ஃப் ஹூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய குழு. 1974இல் நெடுஞ்சாலைக் கார்ப் பயணத்தையும் 1977இல் ரயிலையும் எலக்ட்ரானிக் இசையாக்கியவர்கள். கார், ரயில் இரண்டிலும் எஞ்சின் வெளியே இருக்கிறது, மனுஷன் உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறான். சைக்கிளில் மனுஷன்தான் எஞ்சின். ஹூட்டர் சைக்கிள் பைத்தியம் என்பதால் இது அவருக்கு வெறும் யோசனையாக இல்லாமல் காலில் தெரிந்த விஷயமாக இருந்தது.

பாட்டில் தாளத்தின் பாதி வேலையை மூச்சுதான் செய்கிறது. இழுத்து விடும் மூச்சை ஒலித்துண்டாகப் பதிவு செய்து டிரம் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். செயின் சுற்றும் சத்தமும் கூடவே வருகிறது. மேலே மிதக்கும் மெட்டு, ஹிண்டமித் 1936இல் புல்லாங்குழலுக்கு எழுதிய சொனாட்டாவின் தொடக்கத்தை நினைவூட்டும். பிரெஞ்சு வரிகள் கொஞ்சம்தான்: மலை ஏற்றம், கல் பாவிய ரோட்டில் பஞ்சர், சரிசெய்துகொண்டு மறுபடி கூட்டத்தோடு சேர்வது, தோழமை. ஜெயித்தவனின் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. பாட்டில் எதிர்க்காத்து இல்லை. குண்டடத்துக்காரனுக்கு இது உடனே தெரிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காத்துக்குத்தான் எங்க ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாசத்தில் பல்லடம் ரோட்டில் மேற்கே மிதித்தால் பெடல் இறங்கவே இறங்காது, இடையில் ரெண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். கிராஃப்ட்வெர்க்கின் தாளமோ ஒரு தடவைகூடத் தளர்வதில்லை. மலை ஏறும்போதும் அதே வேகம். சிங்கிளின் அட்டையில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போகிறார்கள். முன்னால் போகிறவன் காத்தைக் கிழிப்பான், பின்னால் வருகிறவனுக்குப் பாரம் குறையும், பிறகு முறை மாறும். அட்டையில் இருக்கிற இந்தப் பங்கீடு தாளத்திலும் கேட்டிருந்தால் பாட்டு இன்னும் பெரிதாகியிருக்கும்.

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. மனுஷனும் மெஷினும் ஒன்றாவதை இவ்வளவு சந்தோஷமாகப் பாடலாமா? பந்தயக்காரன் விரும்பி மெஷின் ஆகிறான். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் பீஸ் ரேட்டுக்காக ஆகிறார். என் அம்மா பதினெட்டு வருஷம் பவர் டேபிள் டைலர். அவரும் நாளெல்லாம் பெடலில் கால் வைத்திருந்தவர்தான், ஆனால் ஒரு அடிகூட நகராத பெடல். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன்.

"பாட்டா கண்ணு இது? நிட்டிங் மெஷின் ஓடறமாட்ட இருக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த மூச்சு மட்டும் நல்லாருக்குது. கம்பெனில நம்ம மூச்சு நமக்கே கேக்காது" என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் இதைச் சொன்னதில்லை. கம்பெனியில் மெஷினின் வேகத்துக்கு உடம்பு ஓட வேண்டும். இந்தப் பாட்டில் மெஷின்கள்தான் ஒரு நெஞ்சுக்கூட்டின் வேகத்துக்கு ஓடுகின்றன.

1903இல் தொடங்கிய பந்தயத்தின் நூற்றாண்டை ஒட்டி, 2003இல் இவர்கள் ஒரு முழு ஆல்பமே போட்டார்கள். இதயத்துடிப்பெல்லாம் சேர்த்து, பழைய சிங்கிளையும் புதுசாகப் பதிவு செய்தார்கள். சத்தம் துல்லியம், சுத்தம். ஆனால் அதில் வேர்வை வாசம் போய்விட்டது, மூச்சும் ஓர் அலங்காரமாகிவிட்டது. எனக்கு 1983தான்.

அந்தப் பழைய வடிவத்தை 1984இல் 'பிரேக்கின்' என்ற அமெரிக்கப் படத்தில் பயன்படுத்தினார்கள். கடை வாசலைக் கூட்ட வந்த ஒரு பையன் அதைக் கேட்டுத் துடைப்பத்தோடு ஆடத் தொடங்குகிறான். பிரெஞ்சுப் பந்தயத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. கூலி வேலைக்குப் பிடித்த துடைப்பத்தைக் கொஞ்ச நேரம் தன் இஷ்டத்துக்குச் சுழற்ற அந்தத் தாளம் அவனுக்கு உதவுகிறது. ஷிப்ட் முடிந்து வேனில் திரும்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வடிவத்தைத் தேடிக் கேளுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு மூச்சை மட்டும் கேட்டால் போதும்.